ரெண்டு நியூட்ரல் இருக்கு, ரெண்டும் ஒண்ணு கிடையாது

கை காலை நீட்டிக்கலாம்னுதான் அன்னிக்கு வண்டியை ஓரங்கட்டினேன். முன்னாடி மோட்டார் ஹோம் (உள்ளேயே தங்கிக்கிற வீட்டு வண்டி), அதுக்குப் பின்னாடி டோ பார்ல, அதாவது இழுவைக் கம்பியில மாட்டி, நாலு சக்கரமும் ரோட்டுலயே உருள்ற மாதிரி என்னோட 4-வீல் டிரைவ் பிக்கப். கிட்டத்தட்ட 300 கிலோமீட்டர் வந்திருப்போம். இறங்கி பின்னாடி நடந்து போறேன், பிக்கப்கிட்ட போனதுமே ஒரு வாடை. பிரேக் சூடானா வர்ற வாடை எனக்குத் தெரியும், இது அது இல்ல, எண்ணெய் தீஞ்ச வாடை. குனிஞ்சு பார்த்தா கியர்பாக்ஸ் முடியுற இடத்துல இருந்து சொட்டு சொட்டா விழுது, விழுந்த எடத்துல தார் ரோடு மேல செவப்பா இல்லாம பழுப்பா ஒரு வட்டம். ஏடிஎஃப், அதாவது ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ் எண்ணெய், நல்லா இருக்கும்போது செவப்பா இருக்கும், கருகினா பழுப்பு. அந்த வட்டத்தைப் பார்த்ததும் வயித்துல புளியைக் கரைச்ச மாதிரி ஆயிடுச்சு.

டோ பார் மாட்டிக் கொடுத்தவர்கிட்ட கிளம்புறதுக்கு முன்னாடி தெளிவாத்தான் கேட்டேன், இழுத்துட்டுப் போகும்போது வண்டி எதுல இருக்கணும்னு. "நியூட்ரல்ல போட்டுடுங்க சார், போதும்"னாரு. நானும் கியர் லீவரை என்-ல (N, நியூட்ரல்) போட்டேன், 4-வீல் டிரைவ் நாப் டூ ஹெச்ல (2H, பின் சக்கரத்துக்கு மட்டும் பவர் போற பொசிஷன்) இருந்துச்சு, சரி சாதாரணமா ஓட்டுற பொசிஷன்தானேன்னு அதைத் தொடவே இல்ல. அவர் சொன்னது பொய் இல்ல, ஆனா அவர் சொன்னது எந்த நியூட்ரல்ங்கிறது எனக்கும் தெரியல, அவருக்கும் தெரிஞ்சிருந்துச்சான்னு இன்னிக்கு வரைக்கும் எனக்கு சந்தேகம்தான். 4-வீல் டிரைவ் பிக்கப்ல நியூட்ரல் ரெண்டு இருக்கு. ஒண்ணு கியர்பாக்ஸோடது, இன்னொண்ணு அதுக்குப் பின்னாடி ஒட்டிக்கிட்டு இருக்கிற டிரான்ஸ்ஃபர் கேஸோடது, கியர்பாக்ஸ்ல இருந்து வர்ற சுத்தை முன், பின் சக்கரங்களுக்குப் பிரிச்சுக் கொடுக்கிற பெட்டி அது. இந்தப் பதிவு முழுக்க இந்த ஒரு விஷயத்தைப் பத்திதான், ஏன்னா இதைத் தெரிஞ்சுக்காம இழுத்துட்டுப் போயி கியர்பாக்ஸைக் காவு கொடுத்தவங்க நான் மட்டும் இல்ல.

கியர்பாக்ஸை இறக்கினப்போ நான் கூடவே நின்னேன். மெக்கானிக் அண்ணன் பின்பக்க ஹவுசிங்கைக் கழட்டி, உள்ள இருந்து ஒரு வளையத்தை விரல்ல எடுத்து என் உள்ளங்கையில வச்சாரு. புஷ்ஷு. அவுட்புட் ஷாஃப்ட் அதுக்குள்ளதான் சுத்தும். புதுசுல உள்பக்கம் வழவழன்னு வெளிர் சாம்பல் நிறத்துல இருக்குமாம், என் கையில இருந்தது ஒரு பக்கம் நீலம் பாஞ்சு, இன்னொரு பக்கம் அந்த வழவழப்பான பூச்சே மொத்தமா உரிஞ்சு அடியில இருக்கிற உலோகம் தெரிஞ்சுது. நகத்தால தடவினா கோடு கோடா தட்டுப்பட்டுச்சு. "தம்பி, இது ஓடித் தேஞ்சது இல்ல, பட்டினி கிடந்து செத்தது"ன்னாரு. எண்ணெய் கிடைக்காமன்னு அர்த்தம்.

ஏன் எண்ணெய் கிடைக்கல? ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸுக்குள்ள எண்ணெயைத் தள்ளுற பம்ப் முன்பக்கம், டார்க் கன்வர்ட்டரை (இன்ஜின் சுத்தை கியர்பாக்ஸுக்குக் கடத்துற பாகம்) ஒட்டி இருக்கு. கன்வர்ட்டர் இன்ஜினோட சேர்ந்து சுத்தும், கன்வர்ட்டர் சுத்தினாத்தான் பம்ப் சுத்தும். இன்ஜின் ஆஃப்னா பம்ப் செத்த மாதிரிதான். ஆனா வண்டியை இழுக்கும்போது பின் சக்கரம் உருளுது, சக்கரம் உருண்டா ஆக்சில் சுத்துது, ஆக்சில் ப்ரொப்பெல்லர் ஷாஃப்ட்டை (ஆக்சிலுக்கும் டிரான்ஸ்ஃபர் கேஸுக்கும் நடுவுல இருக்கிற நீளத் தண்டு) சுத்துது, அது போயி டிரான்ஸ்ஃபர் கேஸைச் சுத்துது, டூ ஹெச்ல இருந்தா டிரான்ஸ்ஃபர் கேஸ் அந்தச் சுத்தை அப்படியே கியர்பாக்ஸோட அவுட்புட் ஷாஃப்ட்டுக்குக் கொடுத்துடுது. ஓட்டும்போது இன்ஜின்ல இருந்து சக்கரத்துக்குப் போற வழி, இழுக்கும்போது சக்கரத்துல இருந்து இன்ஜின் பக்கம் திரும்பி வர்ற வழியா ஆயிடுது. கியர் லீவரை என்-ல போட்டதால இன்ஜினுக்கு முன்னாடியே அந்தச் சுத்து நின்னுடும், அது சரி. ஆனா அவுட்புட் ஷாஃப்ட், அதோட ஒட்டின கியருங்க, கிளட்ச் டிரம்மு, அந்தப் புஷ்ஷு எல்லாம் எண்ணெயே இல்லாம சுத்திக்கிட்டே கிடக்கும். எண்ணெய் எல்லாம் கீழ பான்ல தூங்கிக்கிட்டு இருக்கும்.

எவ்வளவு சுத்தும்னு கணக்குப் போட்டுப் பார்த்தேன், போட்டதுக்கு அப்புறம்தான் விஷயம் உறைச்சுது. பிக்கப் டயர் ஒரு சுத்துக்கு சுமாரா 2.4 மீட்டர் போகுதுன்னு வச்சுக்குங்க, மணிக்கு 100 கிலோமீட்டர்ல போனா சக்கரம் நிமிஷத்துக்கு 700 சுத்து கிட்ட. ஆக்சில் ரேஷியோ 3.73ன்னா, அதாவது சக்கரம் ஒரு சுத்துக்கு ஷாஃப்ட் 3.73 சுத்துன்னா, ப்ரொப்பெல்லர் ஷாஃப்ட் நிமிஷத்துக்கு 2600 சுத்து. நாலு மணி நேரம் இழுத்தா ஆறு லட்சம் சுத்துக்கும் மேல. ஒரு சொட்டு எண்ணெய் பிரஷர் இல்லாம ஆறு லட்சம் சுத்து. இதுல என் புஷ்ஷு 300 கிலோமீட்டர் தாங்கினதே பெரிசு.

பழைய ஆட்டோமேட்டிக் சிலதுல பின்பக்கமும் ஒரு பம்ப் வச்சிருந்தாங்க, அவுட்புட் ஷாஃப்ட் சுத்தினாலே அது எண்ணெய் தள்ளும், அதனாலதான் அந்தக் காலத்து ஆட்டோமேட்டிக் வண்டிகளைத் தள்ளி ஸ்டார்ட் பண்ண முடிஞ்சுது. 1960-கள்ல அது மெல்ல மெல்ல காணாமப் போயிடுச்சு. "எங்க தாத்தா காலத்துல இப்படித்தான் இழுத்தோம், ஒண்ணும் ஆகல"ன்னு யாராவது சொன்னா அவர் சொல்றது அவர் வண்டிக்கு உண்மையா இருக்கலாம், உங்க வண்டிக்கு இல்ல. மேனுவல் கியர்பாக்ஸ் இருக்கிறவங்களும் நமக்கென்னன்னு இருந்துடக் கூடாது. நிறைய மேனுவல் பாக்ஸ்ல எண்ணெயை வாரி மேல அடிக்கிறது கீழ இருக்கிற கவுண்டர் ஷாஃப்ட் கியருங்கதான், நியூட்ரல்ல இன்ஜின் ஆஃப்ல இருக்கும்போது அந்த ஷாஃப்ட் சுத்தாது, மேல இருக்கிற மெயின் ஷாஃப்ட் மட்டும் காஞ்சு சுத்தும். சில மேனுவல் பாக்ஸ் தாங்கும், சிலது தாங்காது, வண்டியோட ஓனர் மேனுவல் என்ன சொல்லுதோ அதுதான் கணக்கு.

இப்ப அந்த இன்னொரு நியூட்ரலுக்கு வர்றேன், எனக்கு இதுல இருக்கிற அழகே இங்கதான்.

என் வண்டி வேலை நடந்துக்கிட்டு இருந்தப்போ பெஞ்சு மேல வேற ஒரு டிரான்ஸ்ஃபர் கேஸ் ரெண்டு பாதியாப் பிளந்து கிடந்துச்சு. அண்ணன் அதை என்கிட்ட தள்ளி, "கையை விட்டு நீயே நகர்த்திப் பாரு"ன்னாரு. முன்பக்கம் இன்புட் கியர், அதுதான் கியர்பாக்ஸ்ல இருந்து வர்ற சுத்தை வாங்குது. அது ஒரு பிளானட்டரி செட்டோட நடு கியர், அதைச் சுத்தி குட்டிக் கியருங்க ஒரு கேரியர்ல உக்காந்திருக்கு, வெளி வளையம் கேஸ்ல அசையாம மாட்டியிருக்கு. பின்னாடி இருந்து மெயின் ஷாஃப்ட் வருது, அது மேல பல்லு வச்ச ஒரு வளையம் முன்னும் பின்னும் வழுக்கும். நாம லீவரைத் தள்ளும்போதும் நாப்பைத் திருப்பும்போதும் உள்ள ஒரு ஃபோர்க் இந்த வளையத்தைத்தான் நகர்த்துது. ஒரு பக்கம் தள்ளினா வளையம் இன்புட் கியரை நேராப் பிடிச்சுக்கும், அது ஹை. இன்னொரு பக்கம் தள்ளினா கேரியரைப் பிடிச்சுக்கும், இன்புட் 2.72 சுத்து சுத்தினா மெயின் ஷாஃப்ட் ஒரு சுத்து, அது லோ. நடுவுல ஒரு இடம் இருக்கு பாருங்க, அங்க வளையம் இன்புட்டையும் பிடிக்கல, கேரியரையும் பிடிக்கல, சும்மா ஷாஃப்ட் மேல உக்காந்திருக்கு. அதுதான் டிரான்ஸ்ஃபர் கேஸ் நியூட்ரல். ஒரு விரல் அகலம் கூட இருக்காது அந்த இடைவெளி. நான் ஒரு கையால இன்புட்டை இறுக்கிப் பிடிச்சுக்கிட்டு இன்னொரு கையால மெயின் ஷாஃப்ட்டைச் சுத்தினேன், எந்தத் தடையும் இல்லாம சுத்துச்சு. வளையத்தை ஹை பக்கம் ஒரு தள்ளு, டக்னு சத்தம், அதுக்கப்புறம் சுத்தவே முடியல, ரெண்டு கையும் ஒண்ணையொண்ணு இழுக்குது. நான் 300 கிலோமீட்டர் என்ன தப்பு பண்ணினேன்னு அந்த ஒரு டக்ல புரிஞ்சுபோச்சு.

டூ ஹெச்னா முன் சக்கரம் மட்டும்தான் துண்டிச்சிருக்கு. பின் சக்கரத்துக்கும் கியர்பாக்ஸுக்கும் நடுவுல எதுவுமே துண்டிக்கல. "டூ வீல்ல போட்டுட்டேன், 4-வீல் டிரைவ் கழண்டுடுச்சு, இனி இழுக்கலாம்"னு நினைக்கிறவங்க ரொம்பப் பேர், முன் ஹப்பை (முன் சக்கரத்தை ஆக்சிலோட பூட்டுற பாகம்) அன்லாக் பண்ணிட்டா போதும்னு நினைக்கிறவங்களும் உண்டு. ஹப்பை அன்லாக் பண்ணா முன் ஆக்சில் நிம்மதியா இருக்கும், அவ்வளவுதான், பின்னாடி நடக்கிறது நடந்துக்கிட்டேதான் இருக்கும்.

அடுத்த கேள்வி எல்லாருக்கும் வர்றது. டிரான்ஸ்ஃபர் கேஸ் என்-ல இருக்கும்போது கியர் லீவர் எதுல இருக்கணும்? நிறைய வண்டிகளோட ஓனர் மேனுவல், ஆட்டோமேட்டிக்னா பார்க்ல போடு, மேனுவல் கியர்பாக்ஸ்னா ஏதாவது ஒரு கியர்ல போடுன்னு சொல்லுது, ஜீப் ரேங்க்ளர் அப்படித்தான். முதல்ல படிச்சப்போ எனக்கு பக்குனு இருந்துச்சு, பார்க்ல போட்டு எப்படிய்யா இழுக்கிறதுன்னு. பெஞ்சு மேல பார்த்ததை நினைச்சா தெளிவாயிடும். வளையம் நடுவுல இருந்தாலும் கேஸுக்குள்ள எண்ணெய் இருக்கு, மெயின் ஷாஃப்ட்டோட மூக்கு இன்புட் கியருக்குள்ள ஒரு பைலட் பேரிங்ல உக்காந்திருக்கு, இந்த எண்ணெய் இழுப்பும் பேரிங் உரசலும் சேர்ந்து இன்புட்டை மெதுவா கூடவே சுத்தப் பார்க்கும். இன்புட் சுத்தினா கியர்பாக்ஸோட அவுட்புட் ஷாஃப்ட் சுத்தும், திரும்பவும் அதே பட்டினி. பார்க்ல போட்டா அது அசையாது. சில கம்பெனி வண்டியில மேனுவல் வேற மாதிரி சொல்லும், அதுக்கும் அவங்க பக்கம் காரணம் இருக்கும், அங்க அதைத்தான் கேக்கணும்.

இந்தப் பைலட் பேரிங்கைப் பத்தி யாரும் பேசறது இல்ல, நான் சொல்லிடுறேன். சாதாரணமா ஹைல ஓட்டும்போது இன்புட்டும் மெயின் ஷாஃப்ட்டும் ஒரே வேகத்துல ஒண்ணாச் சுத்துது, அதனால நடுவுல இருக்கிற அந்தப் பேரிங்குக்கு வேலையே கிடையாது. இழுத்துட்டுப் போகும்போதுதான் ஒரு பக்கம் அசையாம நிக்குது, இன்னொரு பக்கம் 2600 சுத்து. ஓட்டும்போதெல்லாம் சும்மா இருந்த ஒரு பேரிங் டோயிங்ல மட்டும் நாள் பூரா உழைக்குது. அதுக்கு எண்ணெய் போகணும்.

நல்ல வேளையா நிறைய டிரான்ஸ்ஃபர் கேஸ்ல, என்பி231 (நியூ ப்ராசஸ் கம்பெனி மாடல்) மாதிரி செயின் வச்ச குடும்பம் முழுக்க, பின்பக்கம் மெயின் ஷாஃப்ட் மேலயே ஒரு குட்டி பம்ப் இருக்கு. சக்கரம் உருண்டா ஷாஃப்ட் சுத்தும், ஷாஃப்ட் சுத்தினா பம்ப் சுத்தும், இன்ஜின் ஓடுதா இல்லையான்னு அதுக்குக் கவலையே இல்ல. அடியில இருந்து எண்ணெயை உறிஞ்சி ஷாஃப்ட்டுக்குள்ள துளைச்ச ஓட்டை வழியா முன்னாடி அனுப்பும். கியர்பாக்ஸுக்கும் டிரான்ஸ்ஃபர் கேஸுக்கும் இருக்கிற பெரிய வித்தியாசமே இதுதான், ஒண்ணு இன்ஜினை நம்பி வாழுது, இன்னொண்ணு சக்கரத்தை நம்பி வாழுது. இழுத்துட்டுப் போற வண்டியில சக்கரம்தானே ஓடுது.

ஆனா பம்ப் இருந்து என்ன, உறிஞ்ச எண்ணெய் இருக்கணுமே. டிரான்ஸ்ஃபர் கேஸ்ல மொத்தமே சுமாரா ரெண்டு லிட்டர்தான் பிடிக்கும், இன்ஜின்ல இருக்கிறதுல பாதி கூட இல்ல. ஒரு லிட்டர் போச்சுன்னா பாதி போச்சு. நிறைய கேஸ்ல ஏடிஎஃப் ஊத்தறாங்க, சிலதுக்குத் தனி திரவம், பழைய என்பி205 மாதிரி வார்ப்பிரும்பு கேஸ்ல கியர் ஆயில். டிப் ஸ்டிக் கிடையாது, பக்கவாட்டுல மேல ஒரு பிளக், கீழ ஒரு பிளக். எப்பவுமே மேல் பிளக்கை முதல்ல கழட்டிப் பாருங்க, அது கழண்டாத்தான் கீழ் பிளக்கைத் தொடணும், இல்லன்னா எண்ணெயை எல்லாம் வடிச்சிட்டு ஊத்த வழியில்லாம மாட்டிப்போம். சமதரையில நிறுத்தி மேல் ஓட்டைக்குள்ள சுண்டு விரலை விட்டா விளிம்புலயே ஈரம் தட்டணும். தட்டலன்னா அன்னிக்கு டோயிங் கிடையாது.

எண்ணெய் குறையறதுக்கு இன்னொரு கள்ளத்தனமான வழி இருக்கு. 1999-க்கு அப்புறம் வந்த ஜிஎம் (ஜெனரல் மோட்டார்ஸ்) பிக்கப்கள்ல என்பி246ன்னு ஒரு கேஸ், மக்னீசியம் ஹவுசிங். உள்ள பம்ப்போட உடம்பைத் திரும்பாமப் பிடிச்சுக்கிற காது ஹவுசிங் மேல சாஞ்சு நிக்கும், வருஷக்கணக்கா அசைஞ்சு அசைஞ்சு அது மக்னீசியத்தைத் தேய்ச்சு ஊசிமுனை மாதிரி ஒரு ஓட்டை போட்டுடும். பம்ப் ரப்னு மெக்கானிக்குங்க சொல்றது இதைத்தான். ஓட்டை எண்ணெய் மட்டத்துக்கு மேல இருக்கிறதால வண்டி நிக்கும்போது ஒரு சொட்டு கூட விழாது, தரை சுத்தமா இருக்கும், ஓடும்போது மட்டும் உள்ள தெறிக்கிற எண்ணெய் மெல்ல வெளிய போகும். தரையைப் பார்த்து ஏமாந்துடக் கூடாது, கேஸோட மேல்பக்கம் பின் பாதியில ஈரமும் தூசியும் ஒட்டிக் களிம்பா இருக்கான்னு தடவிப் பார்க்கணும். அதுக்கு எஃகுத் தகடு வச்ச கிட்டுங்க வருது, கேஸைப் பிரிக்கும்போதே போட்டுக்கலாம்.

உங்க வண்டியில என்ன கேஸ் இருக்குன்னு தெரியலன்னா அடியில படுத்துப் பாருங்க. நியூ ப்ராசஸ், நியூ வென்ச்சர் கேஸ்ல பின் பாதியில வட்டமா ஒரு சின்னத் தகடு திருகியிருக்கும். வயர் பிரஷ் போட்டுத் தேய்க்காதீங்க, எழுத்து போயிடும், துணியில கொஞ்சம் டீசல் நனைச்சுத் துடைச்சா மாடல் நம்பரும் லோ ரேஷியோவும் தெரியும். என்னோடதுல அந்தத் தகடு மேல அரை இன்ச் சேறு காஞ்சு கிடந்துச்சு, துடைக்கத் துடைக்க நம்பர் ஒவ்வொண்ணா வெளிய வந்தப்போ ஒரு சந்தோஷம். நம்பர்லயே கதை இருக்கு. 231ன்னா முதல் 2 ரெண்டு ஸ்பீடு இருக்குன்னு சொல்லுது, அதாவது ஹையும் லோவும். நடு 3 எவ்வளவு பலம்ங்கிற வரிசை. கடைசி 1 கையால மாத்துற பார்ட் டைம், அதாவது தேவைப்படும்போது மட்டும் 4-வீல் டிரைவ் போட்டுக்கிற வகை. முதல் எண் 1ன்னு இருந்தா அது ஒரே ஸ்பீடு, லோ கிடையாது.

லோ இல்லாத கேஸ்ல பெரும்பாலும் என்-ம் கிடையாது, ஏன்னா அந்த நடு இடமே ஹைக்கும் லோவுக்கும் நடுவுலதானே பொறந்துச்சு. 4-வீல் டிரைவ்னு பின்னாடி ஸ்டிக்கர் ஒட்டியிருக்கும், நாப்ல டூ ஹெச், ஃபோர் ஹெச், ஆட்டோ எல்லாம் இருக்கும், ஃபோர் எல் (4L, அதாவது லோ) மட்டும் இருக்காது. அந்த வண்டியை நாலு சக்கரமும் உருள இழுக்கக் கூடாது. ஜிஎம் மேனுவலே ரெண்டு ஸ்பீடு கேஸ், அதுல என்-ம் ஃபோர் எல்லும் இருந்தாத்தான் இழுக்கலாம்னு சொல்லுது. டூ வீல் டிரைவ் பிக்கப்ல டிரான்ஸ்ஃபர் கேஸே இல்ல, அதுக்கு ப்ரொப்பெல்லர் ஷாஃப்ட்டைக் கழட்டணும், இல்ல பின் சக்கரத்தை டாலி (ரெண்டு சக்கரக் குட்டி வண்டி) மேல ஏத்தணும், இல்ல மொத்தமா டிரெய்லர். செகண்ட் ஹாண்ட் பிக்கப் வாங்கி இழுத்துட்டுப் போகலாம்னு யோசிக்கிறவங்க இன்ஜினைப் பார்க்கறதுக்கு முன்னாடி அந்த நாப்பைப் பாருங்க. முன்னாடி வச்சிருந்தவர் எப்படி இழுத்தார்னும் கேளுங்க, கியர்பாக்ஸ் ஸ்டிக்ல எண்ணெய் பழுப்பா இருந்து தீஞ்ச வாடை அடிச்சா அவர் பதில் சொல்லணும்னு அவசியமே இல்ல.

டிரான்ஸ்ஃபர் கேஸ் நியூட்ரல் இருக்கிற வண்டியிலயும் அது கண்ணுக்குத் தெரியிற இடத்துல இருக்கும்னு சொல்ல முடியாது. ராம் பிக்கப் சிலதுல நாப் பக்கத்துல குட்டியா உள்வாங்கின ஒரு ஓட்டை, பால்பாயிண்ட் பேனா முனையால அழுத்திப் பிடிச்சாத்தான் நியூட்ரல் போகும். தெரியாம கை பட்டுடக் கூடாதுன்னுதான் அப்படி ஒளிச்சு வச்சிருக்காங்க. வேற சில வண்டியில நாப்பையே குறிப்பிட்ட மாதிரி திருப்பி சில நொடி பிடிச்சிருக்கணும். மாடலுக்கு மாடல் வேற, வருஷத்துக்கு வருஷம் கூட வேற, அதனால நான் இங்க ஒரு வரிசை எழுதி நீங்க அதைப் பார்த்துச் செய்யறதை விட உங்க மேனுவல்ல டோயிங் பக்கத்தை போட்டோ எடுத்து போன்ல வச்சுக்குங்க. நான் பிரிண்ட் எடுத்து சன் வைசர்ல சொருகி வச்சிருக்கேன்.

ஆனா மாத்தின அப்புறம் உண்மையிலேயே மாறுச்சான்னு பார்க்கிற சோதனை எல்லா ஆட்டோமேட்டிக்குக்கும் ஒண்ணுதான், இதை மட்டும் விடவே விடாதீங்க. டோ பார் மாட்டியிருக்கு, இன்ஜின் ஓடுது, லைட் நியூட்ரல்னு காட்டுது. லைட்டை நம்பாதீங்க. பிரேக்கை மிதிச்சுக்கிட்டு ரிவர்ஸ்ல போடுங்க, மெதுவா பிரேக்கை விட்டு அஞ்சு நொடி உக்காருங்க. வண்டி ஒரு நூல் கூட அசையக் கூடாது, கியர் பிடிக்கும்போது வர்ற அந்தச் சின்ன உதறல் கூட இருக்கக் கூடாது. அதே மாதிரி டிரைவ்ல போட்டுப் பாருங்க. அசைஞ்சா வளையம் பாதியில நிக்குதுன்னு அர்த்தம், திரும்ப மாத்தணும். ஒரு தடவை எனக்கு லைட் எரிஞ்சுது, ஆனா ரிவர்ஸ்ல போட்டதும் டோ பார்ல கிர்ருனு ஒரு இழுவை. பல்லோட பல்லு சரியா வரல. பார்க்கிங் பிரேக்கை விட்டு வண்டியை ரெண்டு இன்ச் உருட்டி மறுபடி போட்டேன், விழுந்துச்சு. அந்த அஞ்சு நொடி இல்லன்னா அடுத்த 300 கிலோமீட்டர்ல இன்னொரு கியர்பாக்ஸ் போயிருக்கும்.

இப்ப சொல்லப்போறது கியர்பாக்ஸ் சம்பந்தப்பட்டது இல்ல, உயிர் சம்பந்தப்பட்டது. டிரான்ஸ்ஃபர் கேஸ் என்-ல இருக்கும்போது கியர் லீவர் பார்க்ல இருந்தாலும் வண்டி நிக்காது. பார்க் பூட்டுறது கியர்பாக்ஸோட அவுட்புட் ஷாஃப்ட்டை, அந்த ஷாஃப்ட்டுக்கும் சக்கரத்துக்கும் இருந்த தொடர்பைத்தான் நாம துண்டிச்சாச்சே. டாஷ்ல பார்க்னு காட்டும், லீவர் பார்க்ல இருக்கும், சாவியைக் கூட எடுத்துடலாம், லேசா சரிவு இருந்தா வண்டி தானா உருளும். 2014-ல ஜிஎம் பிக்கப், எஸ்யூவி நிறையத்தை ரீகால் பண்ணினது இந்த மாதிரி விஷயத்துக்குத்தான், டிரைவர் எதுவும் செய்யாமலே டிரான்ஸ்ஃபர் கேஸ் நியூட்ரலுக்குப் போகலாம்னு. அதனால என்-ல இருக்கிற வண்டிக்கு பார்க்கிங் பிரேக் ஒண்ணுதான் பிடிமானம், அதோட சக்கரத்துக்கு அடியில கட்டையும் வைங்க. குழந்தைங்க கூட வர்றவங்க இந்தப் பத்தியை இன்னொரு தடவை படிச்சுக்குங்க.

மத்த விஷயங்களை வேகமா சொல்லிடுறேன். டோ பார் ரெண்டு வண்டிக்கும் நடுவுல கிட்டத்தட்ட மட்டமா இருக்கணும், ரொம்பச் சாஞ்சா பிரேக் பிடிக்கும்போது ஒரு வண்டி இன்னொண்ணு மேல ஏறப் பார்க்கும். சேஃப்டி செயின் குறுக்கால போடணும். பின் வண்டியோட பிரேக்கை மிதிக்க ஒரு தனிக் கருவி வேணும், ரெண்டு டன் பிக்கப்பை முன் வண்டியோட பிரேக் மட்டுமே நிறுத்தும்னு நம்பக் கூடாது, கொக்கி கழண்டா தானா பிரேக் போடுற பிரேக்அவே சுவிட்சும் சேர்த்து. ஸ்டியரிங் லாக் விழாத பொசிஷன்ல சாவி இருக்கணும், அதுல பேட்டரி இறங்கும், அதுக்கு சார்ஜ் லைன் ஒண்ணு இழுத்துக்கலாம்.

ரிவர்ஸ் எடுக்கவே கூடாது, ரெண்டு மீட்டர் கூட. முன்னாடி போகும்போது பிக்கப்போட முன் சக்கரம் காஸ்டர் கோணத்தால (சக்கரம் திரும்புற அச்சு பின்பக்கமா சாஞ்சிருக்கிற கோணம்) தானா முன் வண்டியைத் தொடர்ந்து திரும்பிக்கும். ரியர் கேமராவுல முதல் தடவை அதைப் பார்த்தப்போ ஒரு மாதிரி இருந்துச்சு, ஆளே இல்லாத சீட்டு, வளைவுல ஸ்டியரிங் மட்டும் மெதுவா தானாத் திரும்புது, வளைவு முடிஞ்சதும் தானா நேரா வருது. பின்னாடி தள்ளினா அதே காஸ்டர் எதிரா வேலை செய்யும், சக்கரம் ஒரு பக்கமா முழுசா மடங்கி, டோ பார் நெளியும். வழி தவறிட்டா இறங்கிக் கழட்டி, ரெண்டு வண்டியையும் தனித்தனியாத் திருப்பி மறுபடி மாட்டறதுதான் வழி, எரிச்சலா இருக்கும், பரவாயில்ல.

போய்ச் சேர்ந்ததும் எல்லாருக்கும் அவசரம். நேரா பின்னாடி போயி டோ பார் பின்னைத்தான் முதல்ல உருவத் தோணும். அதுதான் கடைசி. பின் உருவின நொடியில அந்த வண்டியை எதுவும் பிடிச்சிருக்காது. நான் இப்ப செய்யறது இப்படித்தான். இறங்கினதும் பிக்கப்ல ஏறி பார்க்கிங் பிரேக்கை முழுசா இழுக்கிறேன். பிரேக்கை மிதிச்சுக்கிட்டு கியர் லீவரை என்-க்குக் கொண்டு வர்றேன், என் வண்டியில இன்ஜின் ஆஃப்லதான் டிரான்ஸ்ஃபர் கேஸை டூ ஹெச்சுக்கு மாத்தறேன், இன்ஜின் ஓடிக்கிட்டிருந்தா இன்புட் சுத்திக்கிட்டே இருக்கும், வளையத்தோட பல்லு அதுல உரசிக் கரகரன்னு கத்தும். டக்குனு அதே சத்தம், பெஞ்சு மேல கேட்டது. அப்புறம் பார்க்ல போட்டு, பார்க்கிங் பிரேக்கை கொஞ்சம் தளர்த்திப் பார்க்கிறேன், வண்டி லேசா சாஞ்சு பார்க்ல போயி உக்காருதான்னு. உக்காந்துச்சுன்னா பிரேக்கைத் திரும்ப இறுக்கிட்டு, கீழ இறங்கி, குனிஞ்சு தரையில ஏதாவது சொட்டியிருக்கான்னு ஒரு பார்வை, கையால டிரான்ஸ்ஃபர் கேஸைத் தொட்டுப் பார்த்தா வெதுவெதுன்னு இருக்கும், கை வைக்க முடியாத சூடு இருக்கக் கூடாது. கியர்பாக்ஸ் ஜில்லுனு இருக்கும். அதுக்கப்புறம்தான் பின்னை உருவறேன்.